தண்ணீர் ஊற்றியும் போகாத ஆத்தா

பெரம்பலூரில் மருத்துவரைக் கண்டுவிட்டு அரியலூர்ப் பேருந்தில் ஏறிய கணவனும் மனைவியும் என் முன்னிருக்கையில் அமர்ந்தனர். அம்மையாரின் இடுப்பில் அக்கி. அதைச் சேலையால் இறுக மூடியிருந்தார்.

“சின்ன வயசுல அம்மையா வந்தப்ப தண்ணி ஊத்தி அனுப்புன ஆத்தா போகவே இல்லையாங்க. இத்தனை வருசமா என் நரம்புக்குள்ளயே படுத்திருந்தாளாம்.”

உள்ளே ஒளிந்திருப்பவன் என்று இறைவனை மட்டுமே பாடிப் பழகிய நான் செவி கொடுத்தேன்.

“வாடகை குடுக்காம இருந்திருக்கா,” என்று கணவர் சிரித்தார். “ஒடம்புல காவல் இருந்த வரைக்கும் அடங்கிக் கெடந்தாளாம். காவல் தளந்ததும் அக்கியா வந்துட்டா.”

“கொப்புளத்துத் தண்ணி பட்டா, அம்மை வராதவங்களுக்கு அம்மை போட்ருமாம். முழுகாம இருக்கிறவங்க பக்கமே போகக் கூடாதுன்னாங்க டாக்டரம்மா.”

“நம்ம வூட்ல எல்லாத்துக்கும்தான் வந்துருச்சே.”

அம்மையார் வீட்டிலுள்ளவர்களை விரல்விட்டு எண்ணினார்.

“தேனுவுக்கு வரலீங்க. அவ தம்பிக்குப் போட்டிருந்தப்ப, இவளுக்கு ஒட்டிக்கும்னு செட்டிகுளத்துல அக்கா வூட்ல நாந்தான வுட்டுட்டு வந்தேன்.”

கணவரின் சிரிப்பு அடங்கியது. வளைகாப்புக்கு மகள் தேனுவை அழைத்துவரத்தான் அவர்கள் சென்றுகொண்டிருந்தனர்.

“போனப் போட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வரவேணாம்னு சொல்லு.”

“எடுக்க மாட்டேங்கிறாளே!”

அரியலூர் நிலையத்தில் ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் கையசைத்தபடி ஜன்னலை நோக்கி விரைந்து வந்தாள். அம்மையார் கண்ணாடியை இழுத்துச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தே கதறினார்:

“ஆத்தா கிட்ட வராத, தாயி!”