பின்கட்டுக் கண்ணாடிக் கதவு

ஸ்லைடிங் கதவு வைத்த வீட்டில் பூட்டை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது சார். அந்தக் கொக்கிப் பூட்டெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். கொஞ்சம் தூக்கி ஆட்டினால் பாதிக் கதவுகள் கழன்று கையோடு வந்துவிடும். கண்ணாடிக் கடையில் அளவு எடுக்கிறவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மேல் சட்டத்தில் இரண்டு திருகாணி இறக்கிவிட்டால் தூக்க முடியாது. கீழே கதவு ஓடுகிற பள்ளத்தில் பழைய மாப்புக் கம்பை அளவாக வெட்டிப் போட்டால் நகர்த்த முடியாது. உங்கள் ஸ்டேஷன் பின்பக்கமும் கண்ணாடிக் கதவுதான், வரும்போதே பார்த்தேன். ஆடுகிறது. இந்த வேலை முடிந்ததும் நானே வந்து சரிசெய்து தருகிறேன்.

என் மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். கெட்டிக்காரி. ஆளை ஒருமுறை பார்த்தால் போதும், அளவு நாடா இல்லாமலே சட்டை தைத்துவிடுவாள். வீட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவரை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கடையிலிருந்து வந்துவிடுவேன். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். துணி கொடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டுவாள், நான் புரையேறச் சிரிப்பேன். நான் காலையில் எழுந்து வேலைக்குப் போவதே அந்தச் சாப்பாட்டுக்காகத்தான் சார்.

போன வருஷம் கடைத்தெருவில் ஓர் அறை பார்த்துவிட்டு வந்தாள்.

"தையல் கடை போடப் போறேங்க. ரெண்டு பேரை வேலைக்கு வெச்சுக்கறேன். இனிமே மத்தியானம் நீங்க டப்பாவுல எடுத்துட்டுப் போய்ச் சாப்பிட்டுக்கங்க" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் பிடிவாதக்காரி, வேண்டாம் என்றால்தான் வேண்டும் என்பாள். தவிர, பெண்டாட்டியை வீட்டில் அடைத்துவைக்கிற ஆள் நானில்லை. அதனால் கதவை நெம்பினேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. அவள் குளிக்கப் போன சமயத்தில் பின்கட்டுக் கதவுச் சட்டத்தில் உளியால் நாலு கீறல் போட்டேன். கழுவப் போட்டிருந்த பாத்திரங்களை எட்டி உதைத்துவிட்டு, "எவன்டா அது?" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஈரத் தலையோடு வந்து நின்று நடுங்கினாள். பாவமாக இருந்தது. அன்றைக்கே திருகாணி இறக்கினேன். கம்பு வெட்டிப் போட்டேன். சட்டென்று உடையாமலிருக்கக் கண்ணாடிக்கு பிலிம் ஒட்டினேன். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவள் கொஞ்சம் தெளிவாள், கடையைப் பற்றிப் பேச்செடுப்பாள். நானும் மறுபடி உளியை எடுப்பேன். கடைசியில் ஒருநாள், "வீட்டைப் பூட்டிட்டுப் போக மனசே வரலைங்க, கடை வேண்டாம்" என்று அவளே சொன்னாள். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவே இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அவள் யார் மாதிரியும் பேசிக் காட்டுவதில்லை என்பது உண்மைதான். சாப்பிடும்போது கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் எதிரேதான் உட்கார்ந்திருப்பாள்.

தண்ணீர் கேன் போடுகிறவர் விஷயத்துக்கு வருகிறேன். தங்கமான மனிதர். எனக்கும் அவருக்கும் வாய்க்கால் தகராறா, வரப்புத் தகராறா? சமையலறை பின்பக்கம் என்பதால் கேனை எப்போதும் பின்வாசலில்தான் இறக்குவார். அந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளே வைத்துவிட்டுப் போகலாமென்று கதவை இழுத்துப் பார்த்திருக்கிறார். இவள் அலறிவிட்டாள். தெருவே திரண்டு வந்தது.

"இவன்தான்யா. தினமும் பின்பக்கமாவே வந்து நோட்டம் பாக்கறான்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்று கேன்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

சொல்லியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இவர் இல்லையென்றால் பிறகு யார் என்று கேள்வி வரும். முதல் அடி நான்தான் அடித்தேன். மெதுவாகத்தான் அடித்தேன், வேறு யாராவது ஆரம்பித்திருந்தால் பலமாக விழுந்திருக்கும். அதற்கப்புறம் விழுந்ததற்கெல்லாம் நான் பொறுப்பில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சரியாகிவிட்டது.

நீங்கள் பிடித்தது சாமர்த்தியம்தான் சார், பாராட்ட வேண்டும். கடைசியாகப் போட்ட கீறல்கள் மட்டும் சட்டத்தின் உள்பக்கம் இருப்பதை வேறு யாரும் கவனிக்கவில்லை. மற்ற நாட்களில் வெளியே போய்த்தான் நெம்பினேன். அன்றைக்கு நல்ல மழை. நனைந்தால் எனக்குச் சளி பிடித்துக்கொள்ளும், உள்ளே நின்றபடியே வேலையை முடித்துவிட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன. ஆனைக்கும் அடி சறுக்கும்.

ஆமாம், திருடன் என்று ஒருவன் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஒரே ஓர் உதவி மட்டும் செய்யுங்கள். இதை என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள். திருடனே கிடையாது என்று தெரிந்தால் கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவாள். நான் இல்லாத வீட்டில் அவளுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டாமா சார்?