ஊர் கேட்காமல் கிடைத்த இடம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் கூட. பொறுத்துக்கொள்ளுங்கள். சண்டைக் காலத்தில் ஒருநாள் கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை, கூட வேலை செய்பவரிடம் சொன்னாள்:

“அண்ணா, இடம் கிடைச்சிட்டுது. வாடகையும் இல்லை, பொலிஸ் பதிவும் இல்லை.”

“கொழும்பில, பொலிஸில பதியாமல் தமிழருக்கு இடமோ? பகிடி விடாதையும்.”

“எனக்கில்லை அண்ணா, எங்கட மென்பொருளுக்கு. கண் தெரியாத ஆக்களுக்குத் தமிழ் வாசிச்சுச் சொல்லுமே, அதுக்கு. இப்ப இருக்கிற இடத்தில வெள்ளிக்கிழமையோட அழிச்சுப்போடுவினம். பிறகு அது ஒருத்தருக்கும் கிடைக்காது.”

“இப்ப ஆர் இடம் தந்தது?”

“பின்லாந்தில ஒருத்தர். தன்ர பெரிய கம்பியூட்டரில ஒரு மூலையை எங்களுக்கு விட்டிருக்கிறார். முகம்கூடத் தெரியாது.”

“நீர் ஆர், எந்த ஊர் என்டு கேட்கேல்லையோ?”

“இல்லை. ஒன்டுதான் கேட்டவர், மென்பொருளை எல்லாருக்கும் காசில்லாமல் சும்மா குடுப்பீங்களோ என்டு. ஓம் என்டு எழுதினன். அரை மணித்தியாலத்தில கடவுச்சொல் வந்திட்டுது.”

சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினோம். அங்கே தமிழரிடம் முதலில் கேட்பது எந்த ஊர் என்றுதான். வரிசையில் நிற்கும்போதும் அவர் மெதுவாகக் கேட்டார்:

“ஊரைக்கூடவா கேட்கேல்லை?”

“சத்தியமா இல்லை அண்ணா.”

நாட்டின் பெயர் பின்லாந்துதானோ, கம்பியூட்டருக்குள் எப்படி இடம் கொடுப்பார்களோ, எனக்குத் தெரியாது. ஊர் கேட்கவில்லை என்றது மட்டும் நன்றாகக் கேட்டது. மற்றதைத் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துவிடுங்கள்.