தொட்டி இன்னும் தயாராகவில்லை

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி இந்த வருஷம் தழைத்ததுபோல் எந்த வருஷமும் தழைத்ததில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். இலை ஒவ்வொன்றும் வெற்றிலை அளவு. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், அதிகமில்லை. அப்படியிருந்தும் என் மனைவி சந்திரவல்லி இப்போதெல்லாம் கறிவேப்பிலையைக் கடையில்தான் வாங்குகிறாள். அதற்குக் காரணம் நான். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் யோக்கியதை. வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை குடிநீர்த் தொட்டியில் குளோரின் கலந்தவன் நான். போடியில் பால் காய்ச்சியவர்கள், பிள்ளை குளிப்பாட்டியவர்கள், சும்மா வாய் கொப்பளித்தவர்கள் எல்லோரும் என் கையைத் தாண்டி வந்த தண்ணீரைத்தான் தொட்டிருக்கிறார்கள். நான் கொன்ற கிருமிகளை வரிசையாக நிறுத்தினால், வரிசை போடிமெட்டு ஏறி, மூணாறைத் தாண்டி, கொச்சிக் கடலில் போய் இறங்கும். எந்தப் பேரரசனும் அவ்வளவு தலை எடுத்ததில்லை. அதற்காக எனக்கு ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரம் ஓடாது.

இப்படிப்பட்டவன் வீட்டு முன்னறையில் கிருமி வளர்க்க வந்து சேர்ந்தான் என் மச்சினன் மாரீஸ்வரன்.

சந்திரவல்லியின் தம்பி. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு கம்பளியோடும் ஜீப்பில் வந்து இறங்கினான். கோயம்புத்தூரில் மகள் முத்துப்பிரியா அவனுக்கென்று ஒரு அறை ஒதுக்கிவைத்துக் காத்திருந்தாள். போகிற வழியில் அக்கா வீட்டில் நாலு நாள். வந்த மறுநாளே அக்காவுக்கு ஏதாவது செய்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லி, என் நாற்காலி கிடந்த இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

குரங்கணி ஓடையிலிருந்து கல் கொண்டுவந்தான். தோட்டத்தில் பட்டுப்போன மரத்தின் வேர் ஒன்றைக் கொண்டுவந்தான். ராக்கையாவின் வளர்ப்பு மீன் கடையிலிருந்து வேலம்பாசிச் செடி வாங்கி, நாற்று நடுகிறவன் மாதிரி குனிந்து குனிந்து நட்டான். தண்ணீரும் ஊற்றியாயிற்று. மீனை விடுடா என்றேன். சிரித்தான்.

மீன் கழிப்பதிலிருந்து அம்மோனியா என்கிற விஷம் உண்டாகுமாம். அதைத் தின்று தீர்க்க நல்ல கிருமிகள் என்று ஒரு சாதி இருக்கிறதாம். பில்டருக்குள் இருக்கும் பஞ்சில் அவை குடியேறிப் பெருகும்வரை மீன் விடக்கூடாதாம். அதனால் மீனே இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டான். அது அழுகி அம்மோனியா ஆகுமாம், அதைத் தின்று கிருமி வளருமாம். தண்ணீரைக் குப்பியில் எடுத்துச் சொட்டுமருந்து விட்டுப் பார்த்தால், பச்சை என்றால் விஷம் இருக்கிறது. மஞ்சள் என்றால் கிருமிகள் வேலையைத் தொடங்கிவிட்டன.

“மஞ்சளா ஆகட்டும் மச்சான். மீன விட்டுட்டு அன்னைக்கே கெளம்பிருவேன்” என்றான்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் கவனிக்கவே இல்லை. கிருமி என்கிற சொல் மட்டும்தான் என் காதில் நின்றது. வாழ்நாள் முழுக்க அவற்றைக் கொன்று சம்பளம் வாங்கியவன் வீட்டில், அவற்றுக்குக் குடியிருக்கப் பஞ்சு மெத்தை, தின்னத் தீனி. எந்தக் கொள்கைவாதி பொறுத்துக்கொள்வான்?

மாரீஸ்வரன் குளிக்கப் போனால் ஒரு கல்யாண வீடே குளித்து முடிக்கிற நேரம் ஆகும். அந்த நேரத்தில் பில்டரைத் திறந்து பஞ்சை எடுத்தேன். ஒரு பேசினில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, அதில் நன்றாகப் பிழிந்து அலசினேன். பஞ்சு வெள்ளை வெளேரென்று ஆனது. நல்ல தண்ணீரில் ஒருமுறை முக்கி, இருந்த இடத்திலேயே வைத்தேன். பழகிய கை. இதை அந்தப் பஞ்சுக்கு நான் பலமுறை செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஓர் ஊரே அழிந்திருக்கும்.

குப்பியில் பச்சை மாறவில்லை. நாலு நாள் என்றது மாதமாகி, அடுத்த மாதத்துக்கும் போயிற்று.

அவன் தங்கியதில் எனக்கு இருந்த கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். குறட்டை விட்டால் போடிமெட்டு வளைவில் லோடு லாரி ஏறுகிற சத்தம். சாம்பாரிலும் ஏலக்காயைத் தட்டிப் போடுவான். காலையில் என்னைச் சும்மா இருக்கவிடாமல் டீக்கடைக்கு இழுத்துப்போவான். அன்றைக்கு ஏலத்தில் ஏலக்காய் விலை ஏறுமா இறங்குமா என்று எங்களுக்குள் பந்தயம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு ஏலச்செடிகூடச் சொந்தமில்லை. தோற்றவன் மறுநாள் வடை வாங்க வேண்டும். அவன் ஏறும் என்றால் நான் இறங்கும் என்பேன். அவன் வருவதற்கு முன்னால் நான் டீயை வீட்டிலேயே குடித்துவிட்டு, ஓடாத கடிகாரத்தைப் பார்த்தபடி நிம்மதியாக உட்கார்ந்திருந்தவன். அந்த நிம்மதி போயிற்று.

ஒருநாள் பஞ்சு புதுசு மாதிரி இருக்கிறதே என்று மாரீஸ்வரனுக்குச் சந்தேகம் வந்தது. பல்லி கில்லி உள்ளே போகிறதோ என்று பில்டர் மூடியைக் கம்பியால் இறுகக் கட்டிவிட்டான். கிருமிகளிடம் போகும் வழி அடைபட்டது. நான் யோசித்தேன். கிருமியைத் தொட முடியாவிட்டால் போகிறது, குப்பியைப் பச்சையாகவே வைத்திருந்தால் போதும். அதற்கு அம்மோனியா வேண்டும். அது கடையில் கிடைக்குமா என்று விசாரித்தால் ஊருக்குத் தெரிந்துவிடும்.

மனிதனாகப் பிறந்த எல்லோருக்கும் அந்த வசதியை ஆண்டவன் இலவசமாகக் கொடுத்திருக்கிறான். நான் பண்பாடு உள்ளவன். தொட்டிமேல் நேராக எதையும் செய்யவில்லை. ஒரு பழைய தேங்காயெண்ணெய் டப்பா இருந்தது.

மறுநாள் குப்பியில் தெரிந்த பச்சையை நீங்கள் மழைக்குப் பிந்திய ஏலமலையில்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். மாரீஸ்வரன் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். ராக்கையா கடையை அடைத்துவிட்டு வந்து பார்த்தார். ஒரு மீன்கூட இல்லாத தொட்டியில் ஒரு எருமை விழுந்து செத்த மாதிரி காட்டுகிறதே என்றார். பாதித் தண்ணீரை மாற்றச் சொன்னார்.

தண்ணீரை இறக்க மாரீஸ்வரன் ஒரு குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வாய் உள்ளே போய்விட்டது.

“கொழப்பமில்ல மச்சான்” என்றான் துப்பிக்கொண்டே. “லேசா உப்புக் கரிக்குது. குரங்கணிக் கல்லுல உப்பு இருக்கும்போல.”

இருக்கும் என்றேன். எலுமிச்சம்பழம் பிழிந்து சர்க்கரை தூக்கலாகப் போட்டு நானே கலக்கிக் கொடுத்தேன். நான் கல்நெஞ்சன் இல்லை.

இறக்கிய தண்ணீரைச் சந்திரவல்லி வீணாக்காமல் கறிவேப்பிலைக்கு ஊற்றினாள். செடி குபுகுபுவென்று கிளம்பியது. நாங்கள் மூன்று பேரும் துவையல் அரைத்துச் சாப்பிட்டோம். நானும்தான் சாப்பிட்டேன். சொந்த விஷயத்தில் அருவருப்புப் பார்க்கக்கூடாது.

இதற்கிடையில் கோயம்புத்தூரிலிருந்து முத்துப்பிரியா விடாமல் போன் செய்தாள். அறைக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று, கட்டில் வந்தாயிற்று, அப்பா மட்டும்தான் வரவில்லை. ஒருநாள் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

“மாமா, அப்பாவ வெரசா அனுப்பி வைங்க. புள்ளைக தாத்தா தாத்தான்னு வாசல்லயே நிக்குதுக.”

“நானா ஆத்தா புடிச்சு வச்சிருக்கேன்? தொட்டி தயாராகல” என்றேன். குரல் எவ்வளவு தெளிவாக வந்தது என்பதை நினைத்தால் எனக்கே ஆச்சரியம்.

பிறகு ஒருநாள் மதியம் ரசத்தில் மிதந்த கறிவேப்பிலை சின்னதாக, வதங்கலாக இருந்தது. நம் செடியில் பறிக்கவில்லையா என்று கேட்டேன். சந்திரவல்லி மாரீஸ்வரன் கை கழுவப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து தேங்காயெண்ணெய் டப்பாவை எடுத்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சுகாதாரம்...” என்று ஆரம்பித்தேன்.

“இந்தச் சுகாதாரத்துல ரெண்டு வாட்டி துவையல் அரைச்சிருக்கேன்” என்றாள். பிறகு தணிந்த குரலில், “இருடா மாப்ளேன்னு ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்கு வாய் வரல. டப்பாவத் தூக்கிக்கிட்டு அலையுறீக.”

அவள் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். நான் சோற்றைப் பிசைந்தேன், ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

டப்பா அன்றோடு போயிற்று. கொஞ்ச நாளில் மாரீஸ்வரன் குப்பியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான். நல்ல மஞ்சள். மேலும் ஒரு சிட்டிகை தீனி போட்டுப் பார்த்தான். மஞ்சள். நம்பாமல் ராக்கையாவை வரவழைத்தான். அவர் எல்லாச் சொட்டுமருந்தும் விட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இப்படி ஒரு தொட்டிய நான் பாத்ததே இல்லண்ணே. கிருமி பட்டாளம் கணக்கா வளந்து நிக்குது. தீனி யாரோ அள்ளி அள்ளிப் போட்டிருக்காக.”

சந்திரவல்லி என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிருமியைக் கொல்வதற்கு ஒரு பாடப் புத்தகமே எழுதுவேன்; அவை எதைத் தின்று வளரும் என்பதை வாழ்நாளில் ஒருமுறைகூட யோசித்ததில்லை. பச்சையைக் காட்டவென்று நான் கொடுத்தது அவற்றுக்கு விருந்தாகிவிட்டது. மச்சினனின் பெட்டியை ஒவ்வொரு நாளும் நானே கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று மீன் விட்டாயிற்று. விரல்நுனி அளவு மீன்கள், நெருப்புத் துண்டு மாதிரி மினுங்குகின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை. இன்றைக்கு மாரீஸ்வரன் தொட்டிக் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. நாளை மறுநாள் அவனுக்குக் கோயம்புத்தூர் பஸ்.

“நாளைக்கு ஏறும் மச்சான்” என்றான் திரும்பாமல்.

“எறங்கும்” என்றேன்.

நாளைக்குத் தோற்றவன் அதற்கடுத்த நாள் வடை வாங்க வேண்டும். அன்றைக்குத்தான் பஸ்.

ஆக, பஞ்சை வெளுத்தவன் நான். டப்பா என்னுடையது. மச்சினனை அந்தத் தண்ணீரை வாயால் உறிஞ்சவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான். எல்லாம் சுகாதாரத்துக்காகச் செய்தது. வீட்டுக்குள் கிருமி வளர்ப்பதை நான் இன்றைக்கும் எதிர்க்கிறேன்.

சாயங்காலம் ராக்கையா கடைப்பக்கம் சும்மா நடந்து போயிருந்தேன். பின்னறை காலியாகக் கிடக்கிறது, அங்கேயும் ஒரு தொட்டி வைத்தால் என்ன என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். தொட்டி பெரிசானால் தயாராக நாளும் கூடுதலாகப் பிடிக்கும் என்று அவர் எச்சரித்தார்.

கடையில் இருப்பதிலேயே பெரிய தொட்டி எது என்று கேட்டு, நாளைக்குக் காலையிலேயே வீட்டில் இறக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.