தலைகீழாய்ப் படித்த ஆறு

கடிகாரத்தை அடிக்கடி பார்த்தாலும் கனிவு குறையாத அவைத்தலைவர், நீரளவு அலுவலக மேலாளர் அவர்களே! முன்வரிசை நிறைத்த மூத்தோரே! முழங்கால் நீரிலும் முகம் சுளிக்காத ஆற்றோரத் தெருத் தாய்மாரே! வணக்கம்.

பாலத்தடியில் நீர்மட்டம் காட்டும் அளவுப் பலகையைத் திறக்கக் கூடியிருக்கிறோம். பலகை எதற்கு? கருவி இல்லையா? இருக்கிறது. பளபளக்கும் கருவி, பழுதறியாக் கருவி, பாலத்தின் அடிவயிற்றில் தொங்கியபடி பகலிரவு பாராமல் அளக்கும் கருவி! பாலத்திலிருந்து எவ்வளவு கீழே தண்ணீர் இருக்கிறது என்று அது அளந்தது. அலுவலகமோ அந்த எண்ணை ஆற்றின் ஆழம் என்று பதிந்தது.

ஆகவே மணல் தெரிந்த கோடையில், கணினியில் ஆறு கரைபுரண்டது. நீர்வளத்தைப் பெருக்கியதற்காக மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் வந்தது. பின்வரிசையில் சிரிக்கிறவர்களே, தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் வீடுகள் மேட்டில் இருக்கின்றன.

மழை வந்தது. நீர் ஏற ஏற எண் இறங்கியது. எண் இறங்க இறங்க அலுவலகம் நிம்மதியடைந்தது. எச்சரிக்கைச் சங்கு ஊதியதா? ஊதவில்லை. அங்கே திரையின் முன் அமர்ந்திருந்தவர் என் அக்கா கணவர். வீட்டிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“ஏங்க, தண்ணி அடுப்படிக்குள்ள வந்துருச்சு.”

“பயப்படாத. இறங்கிட்டுத்தான் இருக்கு.”

“அப்ப அந்தத் திரையத் தூக்கிட்டு வாங்க. அதப் பாத்தாவது தண்ணி வெளிய போகட்டும்.”

அதற்குமேல் அக்கா காத்திருக்கவில்லை. மாமியாரை மாடியேற்றிவிட்டு, அண்டாவைத் தட்டித் தட்டித் தெருவையே மேலேற்றினார். எல்லோரும் பிழைத்தோம். அவர் பிழைப்புக்கு வைத்திருந்த தையல் இயந்திரம்தான் போய்விட்டது.

மேலாளர் அவர்களே, மேடையேறும்போது என் காதில் சொன்னீர்கள், அந்தத் தப்பான அளவுகளை இன்றோடு அழித்துவிடப் போகிறோம் என்று. எனக்குக் கோபம் வந்தது. கைகுலுக்கிவிட்டுத்தான் வந்தேன்.

அழிக்கலாமா? ஆறு பொய் சொன்னதா? கருவி பொய் சொன்னதா? ஆற்றடிக்கும் பாலத்துக்கும் இடையே உள்ள உயரத்திலிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள்; ஒவ்வொன்றும் உண்மை! கழித்ததைப் பக்கத்தில் பதியுங்கள். தவறாகப் படித்தோம் என்று மேலே எழுதுங்கள். பாராட்டுக் கடிதத்தையும் கூடவே பத்திரப்படுத்துங்கள். அழித்துவிட்டால், நாளை திறந்து பார்ப்பவருக்கு அன்று வெள்ளமே வந்திருக்காது. என் அக்கா சும்மா அண்டாவைத் தட்டியவராகிவிடுவார்!

மேலாளர் தலையாட்டுகிறார். பக்கவாட்டில் அல்ல, மேலும் கீழுமாகத்தான் என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். இவர்கள் அலுவலகத்தில் திசை முக்கியம்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், அண்டாவை இன்னும் மாடியிலேயே வைத்திருக்கும் என் அக்காவுக்கும் நன்றி. வணக்கம்.