பின்னறை ஜன்னல்

ஜன்னல் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடியைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள், ஐயா. முதலில் பார்க்க வேண்டியது சட்டத்தை. அலுமினியச் சட்டம் பார்வைக்கு வழவழவென்று இருக்கும். விரலை வைத்தால் வெளிக்குளிர் அப்படியே விரலில் ஏறும். மரம் நல்லதுதான், ஆனால் வருஷா வருஷம் அதற்குச் சேவகம் செய்ய வேண்டும். நான் உள்ளே தடுப்புத் தடுப்பாக இருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை எடுத்தேன். தம்பியைப் பற்றிக் கேட்டால் ஜன்னலைப் பற்றிச் சொல்கிறானே என்று உங்கள் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஜன்னலை விட்டுவிட்டு இதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் வீடு பழசு. அப்பா வாங்கும்போதே பழசு. ஒற்றைக் கண்ணாடி, உளுத்த மரச்சட்டம், கண்ணாடியைப் பிடித்திருந்த மக்குப் பசை பாதி உதிர்ந்துவிட்டது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஒரு பக்கம் ஓடும், திரைச்சீலை ஒரு பக்கம் ஆடும். ஊருக்கே கணப்பு போடுகிறோம் என்று நான் மனைவியிடம் சொல்வேன். நான் வேலை பார்த்தது குளிர்பதனக் கிடங்கில். மீனும் காய்கறியும் வைக்கிற இடம். அங்கே குளிரை உள்ளே வைத்துக் காத்தேன், இங்கே சூட்டை உள்ளே வைத்துக் காக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலைதான். முப்பது வருஷம் கதவு மூடியவனுடைய வீட்டில் காற்று விளையாடினால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

தம்பி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்து பழகியவன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூச்சிழுப்பு உண்டு. அது முற்றிப்போய் வண்டி ஓட்டக்கூடாது என்று ஆனபோது, பெட்டியும் வண்டிச் சக்கரம் கழற்றுகிற ஸ்பேனருமாக எங்களோடு வந்து சேர்ந்தான். ஸ்பேனர் எதற்கடா என்றேன். "இருக்கட்டும் அண்ணா, இத்தன வருஷம் சீட்டுக்கு அடியில கூடவே இருந்துச்சு" என்றான். பின்னறையைக் கொடுத்தோம். கல்யாணம் செய்துகொள்ளாதவன், எங்களை விட்டால் அவனுக்கு வேறு யாரும் கிடையாது. குளிர்காற்று அவனுக்கு ஆகாது என்று டாக்டரே என்னிடம் சொன்னார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த ஜன்னல்களை நான் மாற்றியது யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை.

அந்த டாக்டர் அடைசலான அறையும் ஆகாது என்று சொன்னார். அதையும் சொல்லிவிடுகிறேன், நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை.

ஜன்னல் தேடிக் கடை கடையாக ஏறினேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள். இரண்டு கண்ணாடியா, மூன்று கண்ணாடியா, நடுவில் வெறும் காற்றா, வேறு வாயுவா, ஓரத்தில் என்ன பட்டை. ஒவ்வொரு ஜன்னலிலும் வெப்பம் எவ்வளவு வெளியேறும் என்று ஒரு எண் ஒட்டியிருப்பார்கள். எண் குறையக் குறைய நல்லது. கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு உண்டு. லைட்டரைப் பற்றவைத்துப் பக்கத்தில் பிடித்தால் கண்ணாடிக்குள் சுடர் வரிசையாகத் தெரியும், அதில் ஒன்று மட்டும் நிறம் மாறியிருக்கும். பூச்சு எந்தப் பக்கம் என்று அதிலிருந்து கண்டுபிடித்துவிடலாம். நான் கடையில் அதைச் செய்துகாட்டியபோது விற்பனைக்கு நின்ற பெண் அசந்துபோனாள்.

அளவெடுக்க வந்த ஜன்னல்காரர் நல்ல மனுஷன்தான், ஆனால் வாய் அதிகம். எல்லா ஜன்னலையும் திறக்க முடியாத மாதிரி போடுங்கள் என்றேன். திறக்கிற ஜன்னலில் எவ்வளவு ரப்பர் வைத்தாலும் காற்று ஒழுகும், திறக்காத ஜன்னலில் ஒழுகாது.

"படுக்கிற ரூமுக்கெல்லாம் அப்படிப் போட மாட்டேன் சார்" என்றார். "ஆபத்துன்னா ஆள் எப்படி வெளிய வரும்?"

"கதவு எதுக்கு இருக்கு?"

"அதுவும் சரி. நீங்க வேற ஊதுகுழல் மாதிரி மூச்சு விடற தம்பிய உள்ள வெச்சிருக்கீங்க. காத்து மாற வழி வேணும்ல?"

தம்பி உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தான். "நல்லாச் சொல்லுங்கண்ணே, எங்கண்ணனுக்கு நானும் ஒரு கூடை மீனுதான்" என்றான். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். கடைசியில் படுக்கையறைகளுக்குத் திறக்கிற ஜன்னல்தான் வந்தது. சட்டத்தின் மேல்விளிம்பில் பென்சில் கனத்துக்கு ஒரு நீளத் துளை, அதற்கு ஒரு மூடி, காற்று மாறுவதற்காம். அவ்வளவு தேடி எடுத்த ஜன்னலில் வேண்டுமென்றே ஒரு ஓட்டை. அவர் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போனதும் சிலிக்கான் பசைக் குழாயை வாங்கிவந்து, அந்த ஓட்டைகளை ஒன்று விடாமல் அடைத்தேன்.

மெழுகுவர்த்தியை ஏற்றி ஒவ்வொரு சட்டத்தையும் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். சுடர் அசையவில்லை. ஐயா, அன்றைக்கு எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஹீட்டரைப் பாதிக்குக் குறைத்தும் வீடு கதகதவென்று இருந்தது. தெருச்சத்தமும் நின்றுவிட்டது. என் வாழ்க்கையில் ஒரு காரியமாவது ஒழுங்காக முடிந்தது என்று நினைத்தேன்.

தம்பி மறுநாளே பின்னறை ஜன்னலைத் திறந்தான். நல்ல குளிர், விரியத் திறந்துபோட்டு அதில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மூடுடா என்றேன். "ரெண்டு நிமிஷம் அண்ணா, நெஞ்சு அடைக்குது" என்றான். நான் போய் மூடினேன். அவன் கை சட்டத்தின்மேல் இருந்தது. இரண்டு விரல் போயிற்று. போயிற்று என்றால் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன, மடங்காது. ஆஸ்பத்திரியில் ஜன்னல் தானாகச் சாத்திக்கொண்டது என்று சொன்னேன், அவனும் ஆமாம் என்றான். அண்ணனைக் காட்டிக்கொடுக்காத பிள்ளை. நான் கையைப் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். கையை எடுத்துவிடுவான் என்று நினைத்தேன். எடுக்காமல் பிடிவாதம் பிடித்தபோது, மூடத்தான் வேண்டியிருந்தது. கைப்பிடியைத் திருப்பி ரப்பர் படிகிறவரை அழுத்தினேன்.

அதற்குப் பிறகு எல்லா ஜன்னலின் கைப்பிடிகளையும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கைப்பிடி இல்லாமல் அந்த ஜன்னலைத் திறக்க முடியாது. காலையில் கண்ணாடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருக்கும். மூன்று பேர் மூச்சும் குளியலும் சமையலும் எங்கே போகும்? பின்னறையில் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை ஏறியது. துடைத்தேன், மறுபடி வந்தது. தம்பியின் இழுப்பு கூடியது. சாப்பிடும்போது பாதியில் தட்டைத் தள்ளிவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இந்தக் குளிர்காலம் போகட்டும், வெயில் வந்ததும் திறந்துவிடலாம் என்று அவனிடம் பல தடவை சொன்னேன். நான் கல்நெஞ்சக்காரன் என்று நீங்கள் எழுதினால் அது பொய்.

என் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. என் சட்டையைத் துவைக்கப் போடும்போது ஒரு கைப்பிடியை எடுத்து அவனுக்குக் கொடுத்துவிட்டாள். நான் வீடு திரும்பியபோது பின்னறை பனிக்கட்டியாக இருந்தது, அவன் வாயைத் திறந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"பாருங்க, எத்தன நாளைக்கப்புறம் புள்ள தூங்குது" என்றாள். "கொஞ்ச நேரம் விடுங்களேன்."

அவளைக் கூடத்துக்குக் கூட்டிவந்தேன். ஹீட்டரை முழுசாகத் திருப்பிவைத்து, அது நன்றாகச் சூடேறுகிறவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்தக் கையை அதன்மேல் வைத்தேன். சூட்டின் அருமை தெரியட்டும் என்றுதான். கொஞ்ச நேரம்தான் வைத்தேன், தோல் கொஞ்சம் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அவள் கத்தவில்லை, தம்பி விழித்துக்கொள்வானே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருஷக் குடும்பத்தில் நான் அவளைக் கை நீட்டி அடித்ததே இல்லை, கேட்டுப்பாருங்கள். களிம்பும் நான்தான் போட்டுவிட்டேன்.

இனி நீங்கள் கேட்க வந்த நாள். மத்தியானம், சாப்பிட்டு முடித்து நான் கூடத்தில் இருந்தேன். பின்னறையிலிருந்து தம்பி வந்தான், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சுக்கு அடித்துக்கொள்கிற மருந்துக் குப்பியை ஆட்டிக்காட்டினான், அதில் ஒன்றும் இல்லை.

"அண்ணா, கைப்பிடி குடு."

"மருந்து வாங்கிட்டு வரேன். போய்ப் படு."

"அதுவரைக்கும் தாங்காது. குடு அண்ணா."

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. கைப்பிடி என் பையில்தான் இருந்தது, விரலால் அதைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். "டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? குளிர்க்காத்து ஒனக்கு ஆகாது" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னறைக்குத் திரும்பிப் போனான். நான் மருந்து வாங்கச் செருப்பை மாட்டினேன். அப்போதுதான் கண்ணாடி உடைந்தது.

இரண்டு கண்ணாடியும் போய்விட்டது. அந்த ஸ்பேனரால் அடித்திருக்கிறான். கட்டிலின்மேல் முழங்கால் போட்டு, ஜன்னலின் உடைந்த வாய்க்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு நின்றான். சட்டத்தில் குத்திட்டு நின்ற கண்ணாடிச் சில்லுகள் கழுத்திலும் கன்னத்திலும் கீறி ரத்தம் வழிந்தது, அவனுக்கு அது உறைக்கவே இல்லை. வாயைத் திறந்து திறந்து காற்றைக் குடித்தான். கண்ணாடிகளுக்கு நடுவில் இருந்த வாயு போய்விட்டது, இனிமேல் அதை ஒட்டினாலும் பிரயோஜனமில்லை. எனக்கு அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது. ஸ்பேனர் கட்டிலில் கிடந்தது. எடுத்துப் பின்மண்டையில் அடித்தேன். ஒரு தடவை என்று எழுதாதீர்கள், நான் எண்ணவில்லை. அடிக்க அடிக்க அவன் சட்டத்தை விடவில்லை.

மனைவி அறை வாசலில் வந்து நின்று "ஐயோ, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க" என்றாள். போனை எடுக்க ஓடியவளை மறித்து, அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கிடங்கில் எங்களுக்கு ஒரு பழக்கம். குளிர் அறையின் சுவரில் வண்டி மோதி ஓட்டை விழுந்தால், மோதியவன் கிடந்தாலும் முதலில் ஓட்டையை அடைப்போம், ஆளை அப்புறம் பார்ப்போம். அங்கே யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை. திரும்பி வந்து பின்னறைக் கதவை உள்பக்கமாகச் சாத்தித் தாழ் போட்டேன், மற்ற அறைகளின் சூடாவது மிஞ்சட்டும் என்று. அவள் கதவை அடித்துப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். வாசற்கதவை அகலத் திறந்துபோட்டுவிட்டுத்தான் ஓடியிருக்கிறாள்.

ஜன்னல் வந்த பெட்டியின் பலகை ஒன்று அந்த அறையிலேயே அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அளவு சரியாக வந்தது. தம்பியின் முகம் அங்கே இருக்கும்வரை பலகை உட்காராது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மடங்காத இரண்டும் எளிதாக வந்தன, மற்றவை சிரமம். "அண்ணா, கொஞ்சம்" என்றான். தூக்கி, எனக்குப் பின்னால் தரையில் கிடத்தினேன். போர்வையும் போட்டேன். பிறகு பலகையை வைத்து, அகல டேப்பால் ஓரம் ஓரமாக ஒட்ட ஆரம்பித்தேன்.

விசில் மாதிரி ஒரு மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கோ இன்னும் காற்று ஒழுகுகிறது என்று கீழ் ஓரத்தை மறுபடி ஒட்டினேன். கேட்டது. மேல் ஓரத்தை ஒட்டினேன். அப்போதும் கேட்டது. டேப்பின்மேல் டேப்பாக ஒட்டினேன். அதற்குள் அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து கதவை இடித்தார்கள், ஒரு ஓரம் பாக்கி இருக்கிறது, பொறுங்கள் என்றேன். சத்தம் குறைந்து, விட்டு விட்டு வந்து, கடைசியில் நின்றது. சுத்தமாக அடைத்துவிட்டோம் என்று நினைத்தேன். தாழைத் திறந்தேன், போனை எடுத்து மனைவியிடம் கொடுத்து "இப்போ கூப்பிடு" என்றேன்.

சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். ஜன்னல் எனக்கு முன்னால் இருந்தது. சத்தம் பின்னாலிருந்து வந்தது. அது எனக்குத் தெரியும், ஐயா, சின்ன வயதிலிருந்து பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம். டேப் தீர்கிறவரை நான் திரும்பவில்லை.