டொக்கு அளந்த வீடு

கிட்ட வந்து உட்காருங்கள். விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம்... எனக்கொன்றுமில்லை, உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் ஐந்தரை மணி. பேய் மழை. ஊர்க்கோடியில் நீளமாக ஒரு ரோடு. இரண்டு பக்கமும் மதில். ஒரு கடை கிடையாது, ஒரு நாய் கிடையாது. எட்டு விளக்குக் கம்பத்தில் மூன்றுதான் எரிகிறது. அதிலும் ஒன்று, எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நிற்கிறது. அந்த ரோட்டில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஒருத்தர் ஸ்கூட்டரில் போகிறார்.

நம் டைலர் இருக்கிறாரே, அவருடைய சொந்தப் பெரியப்பா மகன். டைலர் சட்டைத் துணியில் கால் மீட்டர் மிச்சம் பிடிப்பாரே தவிர, பொய் சொல்ல மாட்டார். அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

அந்த மனிதருக்கு வீடு பார்த்துச் சொல்கிற வேலை. யாராவது வீடு வாங்கப் போகிறார்கள் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இவரைக் கூப்பிடுவார்கள். தரையிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் பார்ப்பார். விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். டொக்... டொக்... பூச்சு உள்ளே பொருமியிருந்தால் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அதனால் அவருக்கு டொக்கு என்றே பெயர் நின்றுவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

டொக்குவுக்கு இரண்டு பிடிவாதம். ஒன்று, மழை இல்லாத நாளில் வீடு பார்க்க மாட்டார். வெயிலில் எல்லா வீடும் யோக்கியம்தான், நல்ல மழையில்தான் சாயம் வெளுக்கும் என்பார். இரண்டாவது, கண்ணால் பார்த்ததையும் கையால் அளந்ததையும் தவிர எதையும் எழுத மாட்டார். எந்த அளவையும் மூன்று தடவை எடுப்பார். ‘போலிருக்கிறது’, ‘இருக்கலாம்’ என்ற வார்த்தைகள் அவர் எழுதின எந்தக் காகிதத்திலும் கிடையாது.

அன்றைக்கு அவர் பார்க்கப் போனது தங்கச்சிக்காக. மூன்று வருஷத்தில் நாலு வாடகை வீடு மாறினவள். இப்போது வயிற்றில் எட்டு மாசம். இருக்கிற வீட்டுக்காரர் மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இந்த வீடு கிடைத்தது அதிர்ஷ்டம் என்று குதித்துக்கொண்டிருந்தாள். அதே வீட்டைக் கேட்டு இன்னொருத்தர் வேறு நிற்கிறார், நாளைக் காலை ஒன்பது மணிக்குள் பதில் வேண்டும். மாப்பிள்ளை வழக்கம்போல, “என்ன மச்சான், கூடப் பொறந்தவ வீட்டுக்கும் இருபது பக்கம் எழுதுவீங்களா, இல்ல சொந்தக்காரங்கன்னு குறைச்சுக்குவீங்களா?” என்று குத்தினார். தங்கச்சி சிரிக்கவில்லை.

“நீ சரின்னா சரிண்ணே. நீ வேண்டாம்னா, ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.”

அதுதான் அவர் தலையில் பாறாங்கல்லாக உட்கார்ந்திருந்தது.

சாவியைத் தரகர் கொடுத்தார். கூட வரவில்லை. சளி என்றார். நூறு வீடு காட்டின மனிதருக்கு அன்றைக்குப் பார்த்துத்தான் சளி பிடித்தது.

டொக்கு கதவைத் திறந்தார். காலி வீடு. செருப்புச் சத்தம் நாலு பக்கமும் போய்த் திரும்பி வந்தது. விளக்கு எல்லாம் எரிந்தது. குழாய் எல்லாம் ஒழுங்கு. அத்தனை மழையிலும் கூரையில் ஒரு சொட்டு ஓதம் இல்லை. டொக்... டொக்... கல்லாட்டம் இருந்தது சுவர். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வீட்டை அவர் பார்த்ததில்லை. மனசுக்குள் தங்கச்சிக்குச் சாமான் எல்லாம் இறக்கி அடுக்கியே விட்டார்.

கடைசியாகப் பின்பக்கத்து ரூம். அளவு எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

லேசர் கருவி தெரியும் இல்லையா? சோப்புக்கட்டி அளவு இருக்கும். ஒரு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்து அமுக்கினால், சிவப்புப் புள்ளி ஒன்று போய் விழும். நடுவில் எத்தனை தூரம் என்று எண் காட்டும். குறுக்கே ஆள் நின்றால் ஆள் வரைக்கும்தான் காட்டும்.

அமுக்கினார். பதினாலு அடி இரண்டு அங்குலம்.

பழக்கப்படி இரண்டாவது தடவை. பதினோரு அடி.

கருவியைத் துடைத்தார். சுவரோடு நன்றாக ஒட்டி நின்றார். மூன்றாவது தடவை... எட்டு அடி.

எதிர்ச் சுவரைப் பார்த்தார். வெள்ளைச் சுவர். அதில் சிவப்புப் புள்ளி இல்லை.

ரூமில் ஒரு வாசனை வந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை. அந்த வீட்டில் வெள்ளையடித்து ஆறேழு வருஷம் இருக்கும்.

நீங்களும் நானுமாக இருந்தால் அப்போதே செருப்பை விட்டுவிட்டு ஓடியிருப்போம். டொக்கு பேட்டரியைத் திட்டினார். திட்டிவிட்டு, பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தார். இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவரோடு ஒரு கூட்டாளி வேலை பார்த்தார். பழைய கொத்தனார். டேப்பின் நுனியை அவர் பிடிப்பார், இவர் அளவு படிப்பார். முட்டி தேய்ந்துபோய், மூன்று மாசத்துக்கு முன்னால்தான் அவர் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். ஆள் போனாலும் வாய்ப்பழக்கம் போகுமா?

டொக்கு டேப்பை நீட்டிக்கொண்டே, கண்ணை நோட்டில் வைத்தபடி, “பிடிச்சுக்கப்பா” என்றார்.

இரும்பு டேப்பை ஆறு ஏழு அடிக்கு மேல் நீட்டினால் மடங்கித் தொங்கிவிடும். தொங்கவில்லை. போனது... போனது... எதிர்ச் சுவரில் போய் நின்றது. நேராக. விறைப்பாக. ஆசாரி நூல் பிடித்த மாதிரி. பதினாலு, இரண்டு என்று படித்து நோட்டில் எழுதினார். “விடுப்பா” என்றார்.

டேப்பை விட்டால் ‘சர்ர்ட்’டென்று பாய்ந்து வரும், விரலைக் கிழித்துவிடும். விவரம் தெரிந்த ஆள் அப்படி விட மாட்டான். நுனியைக் கையில் பிடித்தபடியே நடந்து வந்து ஒப்படைப்பான். அந்த டேப்பு அப்படித்தான் வந்தது. மெதுவாக. இடுப்பு உயரத்தில். ஒரு அடி... ஒரு அடி... வந்து, அவர் உள்ளங்கையில் நுனியை வைத்தது. நுனி சில்லென்று ஈரமாக இருந்தது.

அப்புறம்தான் அவருக்கு, தான் தனியாக வந்தது ஞாபகம் வந்தது.

அவர் ஓடவில்லை. டொக்கு ஒரு வீட்டைப் பார்த்து ஓடினார் என்று நாளைக்கு ஊர் பேசினால் தொழில் என்னத்துக்கு ஆகும்? நோட்டைப் பையில் வைத்தார். விளக்கை ஒவ்வொன்றாக அணைத்தார். அதில் மட்டும் கை கொஞ்சம் அவசரப்பட்டது. வாசலுக்கு வந்து கதவை இழுத்தார். வாசற்படியில் நின்றுகொண்டு, இருபத்திரண்டு வருஷமாக வேலை முடிந்ததும் கூட்டாளியைப் பார்த்துச் சொல்கிற அதே வார்த்தையை, வீட்டுக்குள்ளே பார்த்து, தன்னையறியாமல் சொன்னார்.

“சரி, வா போகலாம்.”

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பூட்டினார். வண்டியை எடுத்தார். வழியெல்லாம் வண்டி இழுவையாகத்தான் போனது. பின்சக்கரத்தில் காற்றுக் குறைவு என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, ரிப்போர்ட்டை எழுத உட்கார்ந்தார். பேனா நகரவில்லை. எதை எழுதுவது? பின்ரூமில் ஓதம் இல்லை, விரிசல் இல்லை, ஆள் இருக்கிறார் என்றா? டேப்பு ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கும். மழையில் நனைந்து ஸ்ப்ரிங் இளகியிருக்கும். அப்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் லேசர்? அது எண் காட்டியதே. எண்ணை அவர் எந்நாளும் சந்தேகப்பட்டதில்லை. கருவி சரியாக இருந்தால் அந்த வீடு வேண்டாம். கருவி கோளாறு என்றால் வீடு சொக்கத்தங்கம். நிறைமாசக்காரி நடுத்தெருவில் நிற்பதா, வீட்டில் குடியேறுவதா என்பது அந்தச் சோப்புக்கட்டியின் கையில்.

சோதித்துவிடுவோம் என்று எழுந்தார். அவர் வீட்டு ஹால் அவரே கட்டினது. பதினாறு அடி நாலு அங்குலம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அமுக்கினார்.

ஆறு அடி.

மறுபடியும் ஆறு அடி. மூன்றாவது தடவையும் ஆறு.

டொக்கு வாய்விட்டுச் சிரித்தார். நடு ஹாலில் தனியாக நின்று சிரித்தார். கருவிதான் கெட்டுப்போயிருக்கிறது! ஒரு நல்ல வீட்டை அநியாயமாகச் சந்தேகப்பட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். உடனே தங்கச்சிக்குப் போன் போட்டார்.

“கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடும்மா. அப்படி ஒரு வீடு இந்த ஊர்லயே கிடையாது.”

அவள் அழுதாள். மாப்பிள்ளை போனைப் பிடுங்கி, ஒற்றை வரியில் முடித்துவிட்டதற்கு நன்றி என்றார். மறுநாள் ஒன்பது மணிக்குக் கையெழுத்தும் ஆனது.

நாலு நாள் கழித்து டொக்கு கருவியை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கடைச் சுவரை நோக்கி அமுக்கினார். பத்தரை அடி. இன்னொரு தடவை. பத்தரை. தன்னுடைய டேப்பைப் போட்டுப் பார்த்தார். பத்தரையேதான்.

டொக்கு வாங்கி, அதே இடத்தில் நின்று அமுக்கினார். மூன்று அடி.

கடைக்காரர் வாங்கினார். பத்தரை. டொக்கு வாங்கினார். மூன்று.

“கருவியில ஒண்ணும் இல்லண்ணே, உங்க கைக்குத்தான் ராசியில்ல” என்று சிரித்தார் கடைக்காரர். சிரித்துக்கொண்டே மூக்கைச் சுளித்து, பக்கத்தில் யாராவது வெள்ளையடிக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

டொக்கு சிரிக்கவில்லை. வீடு வந்து சேருகிற வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். தங்கச்சியிடம் சொன்னது பொய்யில்லை. அந்த வீட்டில் இப்போது ஒன்றும் இல்லை. பல்லிகூட எட்டிப் பார்க்காத வீடு என்று தங்கச்சி எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தாள். இருந்ததுதான் இவரோடு வந்துவிட்டது. வந்தது வந்ததாகவே இருக்கட்டும், திரும்ப அங்கே போகாமல் இருந்தால் போதும் என்று முடிவு பண்ணினார்.

அன்றோடு தங்கச்சி வீட்டு வாசற்படியை மிதிப்பதை விட்டார். அடுத்த மாசம் அவளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை; பார்க்க ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகவில்லை. ஒரு தடவை முதுகுவலி, ஒரு தடவை வெளியூர் வேலை. மாப்பிள்ளை, வாங்கிக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறவர் தரகர்தான் என்று நினைத்தோம், மச்சானும் அந்த ஜாதிதானா என்று சொல்லி அனுப்பினார். தங்கச்சி பேசுவதையே நிறுத்தினாள். டொக்கு எல்லாவற்றையும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார். தினமும் ராத்திரி படுப்பதற்கு முன்னால் ஹாலில் நின்று ஒரு தடவை அளப்பார். மூன்று அடி. சரி, இங்கேதான் இருக்கிறது... என்று நிம்மதியாகப் போய்ப் படுப்பார். அப்படியே இரண்டேகால் வருஷம். நிம்மதிதான். வேறென்ன சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தங்கச்சி, கையில் குழந்தையோடு. நீ வராவிட்டால் போகிறாய், நான் வருகிறேன் என்று நேராக உள்ளே வந்துவிட்டாள். கூடப் பிறந்தவளைக் கதவைச் சாத்தி வெளியே நிறுத்த முடியுமா? உட்காரவைத்தார். எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் தான் உட்கார்ந்தார்.

அவள் திட்டி முடிக்க அரைமணி நேரம் ஆனது. டொக்கு ஒன்றும் காதில் வாங்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மாமா முகத்தைப் பார்க்கத் தலையை இடதுபக்கம் சாய்த்தது. பிறகு வலதுபக்கம் சாய்த்தது. நடுவில் தூண் இருந்தால் எட்டிப் பார்ப்போமே... அப்படி. பிறகு அண்ணாந்து பார்த்துச் சிரித்தது.

டொக்கு எழுந்தார். வெளியே மூட்டமாக இருக்கிறது, மழைக்கு முன்னால் கிளம்பு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவளுக்கு முகம் செத்துவிட்டது. இனிமேல் வர மாட்டேன் என்று எழுந்து, வாசலில் நின்று உள்ளே பார்த்து, “வா, போகலாம்” என்று பிள்ளையைக் கூப்பிட்டாள். அது உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்று, அப்புறம்தான் போனது.

கதவைச் சாத்திவிட்டு டொக்கு கருவியை எடுத்தார். சுவரில் முதுகை ஒட்டினார். அமுக்கினார்.

பதினாறு அடி நாலு அங்குலம்.

இரண்டேகால் வருஷத்துக்கு அப்புறம், எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி. இரண்டாவது தடவை அளந்தார். மூன்றாவது தடவை அளந்தார். அதே முழு அளவு. ஒரு மூச்சு... ஒரே ஒரு மூச்சு நேரம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடினார்.

தெருமுனையில் போய்க்கொண்டிருந்தார்கள். தங்கச்சி திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தாள். குழந்தையின் இடது கை அவள் கையில்.

வலது கையும் தூக்கித்தான் இருந்தது. அவள் கையைவிட ஒரு சாண் உயரத்தில்.