அவனுக்குக் குளிராக இருந்ததா?

வகுப்பறையில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவதில்தான் பாதிப் பாடம் இருக்கிறது. மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. நாடகத்தில் வரும் ஒருவராக ஒரு பிள்ளை அதில் உட்காரும்; மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்; உட்கார்ந்த பிள்ளை அந்தப் பாத்திரமாகவே பதில் சொல்ல வேண்டும். நானூறு வருடப் பழைய நாடகம் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புரிய, பிடித்துப்போக, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இந்த ஸ்கார்விக் பள்ளியில் நான் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான் நடத்துகிறேன். உங்கள் வாசலில் நிற்கிற கான்ஸ்டபிள்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான், சார்ஜென்ட். கேட்டுப் பாருங்கள். மிஸ் ஹார்லண்ட் நடத்தியது மறக்காது என்பான்.

கோபக்காரி என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. எங்கள் தலைமையாசிரியர் கிரெய்க் போன வருடம் புதுப் புத்தகம் வாங்கிப் போட்டார். இடது பக்கத்தில் பழைய கவிதை; வலது பக்கத்தில் அதே வசனம் இன்றைய தெருப் பேச்சில், கேலிச் சித்திரத்தோடு. "பசங்க ரசிக்கணும் ஜூடித், சும்மா பயமுறுத்தாதீங்க" என்றார். ரசிப்பது என்றால் சிரிப்பது என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து பிள்ளைகள் இடது பக்கத்தைத் திரும்பியே பார்ப்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாடம் நடத்தினேன்.

நாடகம் இதுதான். கடற்கரையில் ஒரு பெண் காத்திருக்கிறாள். தூதன் வந்து அவளுடைய அண்ணன் கடலில் மூழ்கிவிட்டான் என்கிறான். அவள் உடனே அழுவதில்லை. "அவனுக்குக் குளிராக இருந்ததா?" என்று கேட்கிறாள். அசட்டுக் கேள்வி என்று தோன்றும். ஆனால் செய்தி காதில் விழுந்து மனதில் இன்னும் இறங்காத அந்த நொடியில் மனிதர்கள் இப்படித்தான் எதையாவது கேட்பார்கள். அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுப்பதற்காகத்தான் நான் ஆசிரியை ஆனேன்.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணாக நாற்காலியில் உட்கார்ந்தவள் டெஸ்ஸா லெட்லி. அப்பா இல்லை. அம்மா துறைமுகத்தில் மீனுக்குப் புகை போடும் கூடத்தில் வேலை செய்கிறாள். அண்ணன் நேதன், அப்பா விட்டுப்போன சின்னப் படகில் நண்டு பிடிக்கிறவன். அன்று விடியற்காலை அவன் கடலுக்குப் போனபின் காற்று பிடித்துக்கொண்டது. வகுப்பு ஜன்னல்கள் அடித்துக்கொண்டிருந்தன. டெஸ்ஸா அடிக்கடி ஜன்னல் பக்கம் பார்த்தாள். கவனம் இல்லாத பெண் என்று நினைத்தேன்.

ஓவன் என்ற பையன் முதல் கேள்வியைப் போட்டான்.

"ஏம்மா, அண்ணன் செத்துட்டான்னு சொல்றாங்க, நீங்க என்னடான்னா குளிருச்சான்னு கேக்குறீங்க. மூளை கீளை கழண்டு போச்சா?"

"என்ன பண்றது ராசா, போன்ல சார்ஜ் இல்ல. இருந்தா அவன்கிட்டயே கேட்டிருப்பேன்" என்றாள் டெஸ்ஸா.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த வரிக்கு. அந்த நேரத்தில் அலுவலகத்து மேவிஸ் கதவைத் தட்டி என்னை வெளியே கூப்பிட்டாள். எங்கள் பள்ளியில் காலையிலேயே எல்லாப் பிள்ளைகளின் போனையும் வாங்கிப் பூட்டிவிடுவோம். வீட்டிலிருந்து சேதி வந்தால் அலுவலகம் வழியாகத்தான் வரும்.

"டெஸ்ஸாவோட அண்ணன் போன் பண்ணான். போட்டை விட்பி துறைமுகத்துல கொண்டுபோய்க் கட்டிட்டானாம், நல்லா இருக்கானாம். பாவம், புள்ள காலையில மணி அடிக்கிற வரைக்கும் ஆபீஸ் வாசல்லயே நின்னுச்சு. உடனே சொல்லிடுங்க மிஸ்" என்றாள் மேவிஸ். சரி என்றேன்.

உள்ளே வந்தேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. டெஸ்ஸாவின் முன்னால் போய் நின்றேன். நாடகத்தில் தூதன் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

"டெஸ்ஸா, ஆபீஸ்ல இருந்து சொல்லி அனுப்பியிருக்காங்க. நேதனோட போட் கவுந்துடுச்சு. ஆளை எடுத்துட்டாங்களாம். உயிர் இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். உதட்டில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. "மிஸ், இது நாடகத்துக்குத்தானே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நாடகம் இல்ல" என்றேன்.

பிறகு அவள் மிகச் சின்னக் குரலில் சொன்னாள். "காலையில என்னோட குல்லாவைத்தான் போட்டுட்டுப் போனான் மிஸ். அது மெல்லிசு. ரொம்பக் குளிர்ந்திருக்குமே?"

நான் வகுப்பைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஓவன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீர். இத்தனை வருடத்தில் ஒரு வகுப்பு முழுவதும் அந்த வரியைப் புரிந்துகொண்டது அன்றுதான். பொய் சொல்வானேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. டெஸ்ஸா கத்திக்கொண்டே நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். ஏன் பின்னாலேயே ஓடவில்லை என்று போன முறையும் கேட்டீர்கள். அப்படியொரு அமைதி வகுப்பில் மறுபடி வராது, சார்ஜென்ட். இடது பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். ஒரு பிள்ளை விடாமல் எல்லாரும் திறந்தார்கள். அந்தக் காட்சியை அவர்களே உரக்கப் படித்தார்கள், ஒரு சொல் பிசகாமல். மணி அடித்ததும் அவளைத் தேடிப் பிடித்து உண்மையைச் சொல்லலாம் என்றிருந்தேன்.

மணி அடிப்பதற்குள் அவள் துறைமுகத்துக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதைக் கேட்டு அம்மா போட்டிருந்த ஏப்ரனோடு கப்பல்துறையை நோக்கி ஓடியிருக்கிறாள். படிக்கட்டில் பனி உறைந்திருந்தது. வழுக்கி விழுந்து தலையில் அடி. அந்தப் படிக்கு மணல் போடாதது ஊராட்சியின் குற்றம். அதை யாரும் என்னைக் கேட்பதுபோல் அவர்களைக் கேட்கவில்லை.

மருத்துவமனையில் அம்மாவுக்கு நினைவு வந்தது. மகன் உயிரோடுதான் இருக்கிறான் என்று எல்லாரும் சொன்னார்கள். "என்னைத் தேத்துறதுக்காகப் பொய் சொல்றீங்க" என்றாளாம். நேதனே போனில் பேசினான். "இது அவன் குரல் இல்ல. யாரோ அவன மாதிரிப் பேசுறாங்க. உசுரோட இருந்தா வந்து என் முன்னால நிக்கட்டும்" என்று போனைத் தூக்கி எறிந்தாளாம். ஒரு வேலையைச் செய்தால் ஒழுங்காகச் செய்கிறவள் நான். நான் சொன்னதை அவ்வளவு நம்பியிருக்கிறார்கள்.

அடுத்த நாள் காலை விட்பிக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் மேட்டுச் சாலை பனியில் மூடிக்கிடந்தது. காற்று தணிந்திருந்தது, அலை தணியவில்லை. துறைமுக வாயைத் தாண்டாதே என்று அங்கே எல்லாரும் தடுத்திருக்கிறார்கள். "அம்மா என்னைப் பார்த்தாத்தான் நம்புவாங்க" என்று சொல்லிவிட்டுப் படகை எடுத்திருக்கிறான். மதியத்துக்குள் அவனைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். குல்லா மட்டும் கிடைக்கவில்லை.

மேவிஸ் சொன்னதைக் குழப்பிக்கொண்டேன், காற்றுச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று போன முறை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைக் கிழித்துவிடுங்கள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. விட்பி, கட்டிவிட்டான், நல்லா இருக்கிறான் எல்லாமே கேட்டது. தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன்.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். மேவிஸிடம் பேசிவிட்டு நான் கதவைத் திறந்தபோது, டெஸ்ஸா நாற்காலியில் அந்தப் பெண்ணாக உட்கார்ந்திருக்கவில்லை. நானாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, என் குரலில், அந்த வரிக்கு வரும்போதெல்லாம் என் தொண்டை தழுதழுக்குமே, அதையும் விடாமல், "அவனுக்குக் குளிராக இருந்ததா?" என்று சொன்னாள். அவ்வளவு அசலாக இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். என்னைப் பார்த்ததும் அவள் நிறுத்தவில்லை. கண்ணைத் திறந்து, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் என்னையே பார்த்தாள். நான் பதில் சொன்னேன். அதை நீங்கள் பழிவாங்கியது என்கிறீர்கள். நான் பாடம் என்கிறேன். வயிறு எரிந்தது உண்மைதான், அதற்காகப் பாடம் பாடமில்லாமல் போய்விடாது.

பொய் சொல்லி ஒரு குடும்பத்தைக் கெடுத்தாள் என்று ஊரில் பேசுகிறார்கள், என் ஜன்னலில் கல் எறிகிறார்கள். யோசித்துப் பார்த்தால் நான் சொன்னதில் பொய் எது? போட் கவிழ்ந்தது, ஆளை எடுத்தார்கள், உயிர் இல்லை. ஒரு நாள் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

கிரெய்க்கிடம் மட்டும் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். டெஸ்ஸா பள்ளிக்கு வராமல் இருக்கிறாளாம். அவளை விட்டுவிட வேண்டாம், மே மாதம் எப்படியாவது தேர்வு எழுத வைக்கச் சொல்லுங்கள். அந்தக் காட்சியிலிருந்துதான் கேள்வி வரும். அதை அவளைவிட நன்றாக எழுத அந்த வகுப்பில் ஆள் இல்லை. அவளுக்கு நான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.